தேநீர்ப் பூ கேக் சரியாக வரவில்லையா? முதலில் பால் சட்டியைப் பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் வாட்ஸ்அப்பில் கேக் படங்கள் வர ஆரம்பித்துவிடும். நடுவில் குழி விழுந்த கேக், சாம்பல் பூத்த கேக், க்ரீம் வழிந்து தட்டில் குளம் கட்டிய கேக். கூடவே ஒரே வரி: “அக்கா, ஓவன் சரியில்லை போல.”

பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டிலிருந்தபடியே ஆர்டர் எடுத்துச் செய்கிறவள் நான். சாதாரண வெண்ணெய் கேக் என்றால் ஓவனைச் சந்தேகிக்கலாம். தேயிலையும் பூவும் சேர்ந்த கேக்கில் தப்பு பெரும்பாலும் ஓவன் கதவைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பால் சட்டியில் நடந்திருக்கும், இல்லாவிட்டால் பன்னீர்க் குப்பியில். அதனால் கீழே ஓவனைக் கடைசியில் வைத்திருக்கிறேன். (பள்ளிப் பாடநூலில் கேக்குக்கு ‘அணிச்சல்’ என்று பெயர். என் மகள் பரீட்சையில் அப்படி எழுதுவாள், வீட்டுக்கு வந்து “கேக் மிச்சம் இருக்கா?” என்பாள். நானும் கேக் என்றே எழுதுகிறேன்.)

அளவுகள் எல்லாம் 7 அங்குல வட்டத் தட்டுக்கு: கேக் மாவு 180 கிராம், வெண்ணெய் 150, சீனி 140, எடைக் கணக்கில் ‘பி’ கிரேடு முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, தேயிலை ஊறிய பால் 120 மில்லி. 170 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம்.

## வாசமே இல்லை, வெறும் வெண்ணெய் கேக் மாதிரி இருக்கிறது

வடிகட்டிய பாலைச் சுவைத்தீர்களா? இல்லை என்றால் அடுத்த முறை முதல் வேலை அதுதான். அந்தப் பால் குடிக்க முடியாத அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் தே தாரிக் அளவுக்கு இதமாக இருந்தால், மாவும் முட்டையும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். 120 மில்லி பாலுக்கு 10 கிராம் தேயிலை போடுங்கள். டீ பேக் என்றால் ஐந்து. ஒரு பேக்கைப் போட்டுவிட்டு வாசம் வரவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

தேயிலை பழசா? ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மூக்குக்கு எட்டாதது கேக்கிலும் எட்டாது. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த பொட்டலம் சீக்கிரம் போய்விடும். இறுக மூடும் டின்னில் வையுங்கள், மசாலா அலமாரியில் வேண்டாம். ஒரு முறை என் எர்ல் கிரே தேயிலையில் சீரகம் மணத்தது.

தண்ணீரில் ஊற வைத்தீர்களா? தேயிலையின் வாசம் கொழுப்பில்தான் நன்றாக ஒட்டும். கொழுப்புள்ள முழுப் பாலில் ஊற வையுங்கள். கொழுப்பு நீக்கிய பாலுக்கும் தண்ணீருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

மென்மையான தேயிலையா? மல்லிகைத் தேநீரும் வெள்ளைத் தேநீரும் வெண்ணெயோடு போட்டி போட முடியாது. கேமரன் மலைத் தூளும் எர்ல் கிரேயும் தாங்கும். மல்லிகைதான் வேண்டும் என்றால் மாவில் வீணாக்காதீர்கள். பூவாசம் ஓவன் சூட்டில் முதலில் பறந்துவிடும். அதைச் சீனிப் பாகில் ஏற்றி, சுட்ட பிறகு தடவுங்கள்.

கேக் ஏற்கெனவே வெந்துவிட்டதா? காப்பாற்ற வழி இருக்கிறது. 50 கிராம் சீனியை 50 மில்லி கடும் தேநீரில் கரைத்து, கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போது குச்சியால் குத்தித் தடவுங்கள். ரோஜாவோ மல்லிகையோ சேர்க்க வேண்டுமானால் பாகு ஆறிய பிறகு அதில் சேருங்கள். மூடி வைத்து மறுநாள் வெட்டினால் வாசம் இன்னும் கூடியிருக்கும்.

## கசக்கிறது, நாக்கு வறண்டு போகிறது

முதலில் மேல்தோலை வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் சுவைத்துப் பாருங்கள்.

தோல் மட்டும் கசந்தால் மேலே கருகியிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து அலுமினியத் தாளால் மூடிச் சுடுங்கள். வேறு ஒன்றும் இல்லை.

நடுவும் துவர்த்தால் தேயிலை கூடுதலாக ஊறியிருக்கிறது. இங்கேதான் நம் கைப்பழக்கம் காலை வாருகிறது. அம்மா டீ போட்டால் பாலோடு தூளைக் கொதிக்கவிட்டு, துணியில் கட்டிக் கடைசிச் சொட்டு வரை பிழிவார். குடிக்க அது அமிர்தம். கேக்குக்கு அந்தக் கடைசிச் சொட்டுதான் விஷம், துவர்ப்பு முழுவதும் அதில் இருக்கிறது. பாலின் ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தூளாக இருந்தால் 4 நிமிடம், முழு இலையாக இருந்தால் 8 நிமிடம் மூடி வையுங்கள். பச்சைத் தேநீருக்கும் மல்லிகைத் தேநீருக்கும் சூடு 80 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, 3 நிமிடம் போதும். வடிகட்டுங்கள், கரண்டியால் அழுத்தாதீர்கள்.

பிழியாவிட்டால் இலை பாலைக் குடித்துவிடும். அதனால் 160 மில்லியில் தொடங்குங்கள், வடிகட்டிய பின் 120 இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். குறைந்தால் வெறும் பாலை ஊற்றிச் சரிசெய்யுங்கள். இந்த ஒரு வரியை மறந்ததால் வரும் கோளாறுகள் கீழே இன்னும் இரண்டு இடத்தில் வரும்.

அவ்வளவு கவனமாகச் செய்தும் துவர்க்கிறதா? சூட்டையே விட்டுவிடுங்கள். தேயிலையைக் குளிர்ந்த பாலில் போட்டு, மூடி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். வாசம் வரும், துவர்ப்பு அதிகம் வராது. தேநீர் க்ரீமுக்கு நான் இப்போது இந்த வழியை மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

விழுங்கிய பிறகு தொண்டையில் மருந்துக் கசப்பா? லாவெண்டர் கூடிவிட்டது. ஒரு கேக்குக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த மொட்டு, அதையும் பாலோடு வடித்துவிட வேண்டும். மொட்டை மாவிலேயே விட்டால் கடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் கசக்கும்.

கடைசி வழி தேயிலையை மாற்றுவது. ஒரே பொட்டலம் இரண்டு முறை துவர்த்தால் அதைக் குடிக்க வைத்துக்கொண்டு, கேக்குக்கு முழு இலைத் தேயிலை வாங்குங்கள். விலை கூடத்தான்.

## சோப்பு மாதிரி, சாமி அறை மாதிரி மணக்கிறது

எனக்கு அதிகம் வரும் புகார் இது. நானே கற்றுக்கொண்டதும் இப்படித்தான். முதன்முதலில் செய்த ரோஜா கேக்கை வாயில் போட்ட மாமனார், மெல்லுவதை நிறுத்தி, “சூடம் காட்டியாச்சா?” என்று கேட்டார்.

குப்பியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். லிட்டில் இந்தியாவில் லெபு பாசார் பக்கம் போனால் பூஜைச் சாமான் கடையிலும் பன்னீர் கிடைக்கும், மளிகைக் கடையிலும் கிடைக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சாமிக்கும் கல்யாண வாசலிலும் தெளிக்கும் பன்னீர் வயிற்றுக்கானதல்ல. லேபிளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும், உணவுக்கு உரியது என்ற குறிப்பும் இல்லாவிட்டால் கேக்கில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அந்தக் கேக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள், குப்பைக்குத்தான்.

உணவுப் பன்னீர்தான் என்றால் அளவைப் பாருங்கள். பன்னீர் ஒன்றிலிருந்து இரண்டு தேக்கரண்டி வரை போகலாம். ரோஜா எசென்ஸ் அப்படியல்ல, அது சொட்டுக் கணக்கு. இரண்டு சொட்டில் தொடங்குங்கள். எசென்ஸைப் பன்னீர் என்று நினைத்துக் கரண்டியில் அளந்தவர்கள் எத்தனையோ பேர். பாண்டோங் என்ற ரோஸ் பால் பானம் போடும் ரோஸ் சிரப் வேறு வகை. அதில் சீனியும் சிவப்பும்தான் நிறைய, கேக்கை இனிப்பாக்கும், வாசம் தராது.

பூவே போடவில்லை, ஆனாலும் சோப்பு ருசியா? பேக்கிங் சோடா கூடிவிட்டது. மேலே சொன்ன அளவுக்குச் சோடாவே தேவையில்லை, பேக்கிங் பவுடர் போதும். இரண்டு டப்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இரண்டு பூ வாசம் சேர்த்தீர்களா? எர்ல் கிரேயில் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் வாசனை எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் லாவெண்டர் கொஞ்சம் போடலாம். ரோஜாவும் சேர்த்தால் வாசனைத் திரவியக் கடைதான். ஒரு தேயிலை, ஒரு பூ, அதோடு நிறுத்துங்கள்.

ஒருவர் லக்சா என்ற மீன் குழம்பு நூடுல்ஸுக்குப் போடும் இஞ்சிப் பூவை (புங்கா கந்தான்) கேக்கில் போடலாமா என்று கேட்டிருந்தார். போட்டுப் பார்த்தேன். மீன் இல்லாத லக்சா மாதிரி இருந்தது.

## சங்குப்பூ நீலம் எங்கே போனது?

பூலுட் தாய் தாய் என்ற ஒட்டரிசிப் பலகாரத்தில் அத்தனை அழகாக நிற்கும் சங்குப்பூ (புங்கா தெலாங்) நீலம், கேக்கில் மட்டும் ஏன் அழுக்காகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே சோறும் தேங்காய்ப்பாலும், எல்லாம் வெள்ளை. இங்கே மஞ்சள் கரு இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது.

*பச்சையாக மாறினால்:* நீலத்தோடு மஞ்சள் சேர்ந்திருக்கிறது. வெள்ளைக் கருவை மட்டும் போட்டு, வெண்ணெய்க்குப் பதில் நிறமில்லாத எண்ணெயில் செய்யுங்கள். சோடா போட்டிருந்தாலும் இந்தப் பூ பச்சைப் பக்கம்தான் சாயும்.

*ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால்:* எலுமிச்சையோ தயிரோ போயிருக்கிறது. அழகாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

*சாம்பலாகவோ பழுப்பாகவோ ஆனால்:* சூட்டில் நிறம் செத்துவிட்டது. இதற்கு மாவில் வைத்தியம் கிடையாது. 20 பூவின் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு 50 மில்லி வெந்நீரில் ஊற வைத்து, அந்த நீலத்தை ஐசிங் சீனியில் குழைத்து மேலே ஊற்றுங்கள். கேக்குக்கு உள்ளே நீலம், தேநீர் இரண்டும் வேண்டும் என்று அடம் பிடித்தால் சிமெண்டு நிறம்தான் கிடைக்கும்.

தேநீர் கேக்கே சாம்பலாக இருக்கிறது என்பவர்களுக்கு: அது தேயிலையின் நிறம். சோடா போட்டால் இன்னும் கறுக்கும்.

## மாவு திரிந்தது

அடிக்கும்போதே மாவு தயிர் மாதிரி திரிதிரியாகப் போகிறது என்றால் இரண்டு காரணம்.

ஒன்று, பொருள்களின் சூடு ஒத்துப்போகவில்லை. வெண்ணெய் விரல் வைத்தால் குழி விழும் பதத்தில், சுமார் 20 டிகிரியில் இருக்க வேண்டும். பினாங்கு மத்தியானத்தில் அது பத்து நிமிடத்தில் எண்ணெயாகிவிடும். முட்டையோ குளிர்பெட்டியிலிருந்து நேரே வந்திருக்கும். முட்டையை முன்கூட்டி வெளியே எடுத்து வையுங்கள், வெண்ணெயைக் கடைசியில் எடுங்கள், காலையிலேயே செய்யுங்கள். தேநீர்ப் பாலைத் தொட்டுப் பாருங்கள், கைக்குச் சூடு தெரியக்கூடாது. ஏற்கெனவே திரிந்துவிட்டால் ஒரு கரண்டி உலர்ந்த கேக் மாவைச் சேர்த்து அடியுங்கள், சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, பாலே திரிந்திருக்கும். ரோசெல் போன்ற புளிப்புப் பூவைச் சூடான பாலில் போட்டால் திரியாமல் என்ன செய்யும்? அதைத் தண்ணீரில் ஊற வைத்துப் பாகாக மேலே தடவுங்கள்.

## நடுவில் குழி, அடியில் களி

திரவம் கூடிவிட்டதா? 160 மில்லியை வடிகட்டி, அளக்காமல் அப்படியே ஊற்றினீர்களா? பன்னீரைக் கணக்கில் சேர்த்தீர்களா? மொத்தத் திரவம் 120-ஐத் தாண்டக் கூடாது. ‘ஏ’ கிரேடு முட்டை ஒவ்வொன்றும் 65 கிராமுக்கு மேல் இருக்கும். மூன்று போட்டால் அங்கேயும் கொஞ்சம் கூடிவிடும்.

பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா? அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போடுங்கள். சட்டென்று நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழ் விட்டால் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.

கதவைத் திறந்தீர்களா? முதல் 30 நிமிடம் திறக்காதீர்கள். என் மாமியாருக்கு இதைச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

சீக்கிரம் எடுத்தீர்களா? குச்சி சுத்தமாக வர வேண்டும். தேநீர் கேக் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வேகாமலே பழுப்பாகத்தான் இருக்கும்.

இவை எல்லாம் சரி, இரண்டு முறை செய்தும் குழிதான் என்றால் கீழே ஓவன் பகுதிக்குப் போங்கள்.

## துகள் பல்லில் கடிபடுகிறது

டீ பேக்கிலிருந்து வரும் மெல்லிய தூளை மாவில் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம், மென்மையாகிவிடும். முழு இலையைச் சேர்ப்பதானால் மசாலா அரைக்கும் ஜாரில் சீனியோடு போட்டுப் பொடியாக்கிச் சலியுங்கள். ஜாரைக் கழுவி முகர்ந்துவிட்டு. உலர்ந்த ரோஜா இதழ் மேலே தூவத்தான். உள்ளே போட்டால் ஈரத் தாள் மாதிரி ஆகிவிடும்.

## க்ரீம் வழிகிறது

தேநீர் ஊறிய க்ரீமை ஆற விட்டதும் அடித்திருப்பீர்கள். ஆறினால் போதாது, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். கிண்ணமும் குளிர்ந்திருக்கட்டும். இலை குடித்த அளவுக்குப் புதுக் க்ரீமை ஊற்றுங்கள், பாலை ஊற்றினால் நிற்காது. பன்னீரைக் க்ரீம் கெட்டியான பிறகு சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

வெண்ணெய் க்ரீமும் 31, 32 டிகிரி வெயிலில் நிற்காது. திறந்தவெளிப் பந்தலில் விசேஷம் என்றால் நான் க்ரீம் ஆர்டரே எடுப்பதில்லை, ஐசிங் ஊற்றித் தருகிறேன். கோலாலம்பூருக்கு பஸ்ஸில் கொண்டு போகிறேன் என்பவர்களுக்கும் அதே பதில்தான்.

## கடைசியாக, ஓவன்

ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்தால்: கம்பித் தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 170 டிகிரியில் பத்து நிமிடம் விடுங்கள். எங்கே சூடு அதிகம் என்று ரொட்டி சொல்லிவிடும். 35 நிமிடம் ஆனதும் கேக் தட்டைத் திருப்பி வைத்தால் போதும்.

சூடு சரியா என்று தெரியவில்லை: ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி வாங்குங்கள். அதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று: சீனி உருகுவது 186 டிகிரியில். ஒரு கரண்டிச் சீனியை அலுமினியத் தாளில் வைத்து 175-இல் 15 நிமிடம் விடுங்கள், உருகக்கூடாது. அப்புறம் 190-இல் 15 நிமிடம், உருக வேண்டும். எது தவறுகிறதோ அதை வைத்து ஓவனின் சூட்டுக் குமிழைக் கூட்டியோ குறைத்தோ பழகிக்கொள்ளலாம்.

கதவு ரப்பர்: கிழிந்திருந்தால் சூடு வெளியே போகும். மாற்றுவது மலிவு.

மேல் கம்பியோ கீழ்க் கம்பியோ சிவக்கவில்லை, குமிழைத் திருப்பியும் சூடு மாறவில்லை: பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மேசை ஓவன் என்றால் கூலியை முதலில் கேளுங்கள், பல நேரம் புதுசு வாங்குவதே மேல்.

ஓவனைப் போட்டதும் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, பிளக் பழுப்பாகிறது, தொட்டால் சுரீர் என்கிறது: இங்கே சோதனையெல்லாம் வேண்டாம். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக்கே பொசுங்கியிருந்தால் அதைத் தொடாமல் மெயினை அணையுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். இ.எல்.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு “ஒரு கேக் மட்டும்” என்று சுடாதீர்கள். ஓவனை நீட்டிப்பு வயரில் மாட்டவே கூடாது.

## சாப்பிட்டவருக்கு உடம்பு சரியில்லை

மாலைக் கடைப் பூவைக் கேக்கில் வைக்காதீர்கள், அலங்காரத்துக்குக்கூட. பூச்சிமருந்து அடித்திருக்கலாம். பூமாலையில் அரளி கலந்திருக்கலாம், அது இதயத்தைத் தாக்கும் விஷம். பூவை எடுத்துப் போட்டாலும் பட்ட க்ரீம் பட்டதுதான். மல்லிகை வேண்டும் என்றால் உங்கள் வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்ந்த குண்டுமல்லி மொட்டை மாலையில் பறித்து, கொதித்து ஆறிய நீரில் இரவு மிதக்கவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் பாகுக்கு உதவும்.

உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ 999-ஐ அழையுங்கள், காத்திருக்காதீர்கள். அரளியோ பெயர் தெரியாத பூவோ போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வாந்தியோ தலைசுற்றலோ வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நம் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தேசிய நச்சு மையம் இருக்கிறது, அங்கே போன் போட்டும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது மிச்சக் கேக்கையும் அந்தப் பூவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தப் பூ என்று டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.